உங்களுக்குத் தெரியுமா? இரு அணிகளின் பெயர் தாங்கிய ஸ்டான்லி கோப்பை!

கனடாவில் 1917-இல் பிறந்தது நேஷனல் ஹாக்கி லீக். அந்த ஐஸ் ஹாக்கி லீகின் இரண்டாவது சீசனில் (1918–19), அந்த விளையாட்டின் உயரிய பரிசான ஸ்டான்லி கோப்பையை யாருமே வெல்லவில்லை.

● சீசனைத் தொடங்கியவை மூன்றே அணிகள்: மான்ட்ரியல் கனேடியன்ஸ், ஒட்டாவா செனட்டர்ஸ், டொராண்டோ அரீனாஸ். டொராண்டோ பாதியிலேயே விலகியது.

● ஒட்டாவாவை வீழ்த்திய மான்ட்ரியல், ஸ்டான்லி கோப்பைக்காக மேற்குக் கரை லீகின் சாம்பியன் சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸுடன் மோத அமெரிக்கா சென்றது.

● ஐந்து ஆட்டங்களின் முடிவில் ஆளுக்கு 2 வெற்றி. ஓர் ஆட்டத்தில் கூடுதல் நேரம் கொடுத்தும் ஒரு கோல்கூட விழவில்லை. முடிவைச் சொல்லவேண்டிய ஆட்டம் 1919 ஏப்ரல் 1 அன்று. அதற்குள் மான்ட்ரியல் வீரர்கள் பலர் ஸ்பானிஷ் ஃப்ளூ காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது ஆட்டம் ரத்தானது.

● கோப்பையை விட்டுக்கொடுக்க மான்ட்ரியல் முன்வந்தது. சியாட்டில் பயிற்சியாளர் பீட் மல்டூன் வாங்க மறுத்துவிட்டார். விளையாட்டு வரலாற்றில் என்றும் போற்றத்தக்க பெருந்தன்மை இது!

● மான்ட்ரியலின் தடுப்பாட்டக்காரர் ஜோ ஹால், ஃப்ளூவைத் தொடர்ந்த நிமோனியாவால் ஏப்ரல் 5 அன்று சியாட்டிலிலேயே உயிரிழந்தார்.

● பின்னாளில் கோப்பையில் 1919-க்கு நேராக இரு அணிகளின் பெயர்களும், 'தொடர் முடிவடையவில்லை' என்ற பொருள்பட ஒரு வரியும் பொறிக்கப்பட்டன.

● அடுத்து கோப்பை வழங்கப்படாமல் போனது 2005-இல். வீரர்களுக்கும் அணி உரிமையாளர்களுக்கும் இடையிலான ஊதியத் தகராறில், 2004–05 சீசனின் 1,230 லீக் ஆட்டங்களும் ரத்தாயின.