தசை அனுப்பும் தூது

ஓய்வில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 72 முறை துடிக்கும் இளைஞரின் இதயம், விரைந்து ஓடும்போது 150 துடிப்புகளையும் கடந்துவிடுகிறது. உழைப்பது கால் தசை. விரைவதோ மார்பினுள் இருக்கும் இதயம். தசையின் தேவையை இதயம் எவ்வாறு அறிகிறது?

முதல் ஆணை மூளையினுடையது. தசையை இயக்கும் பெருமூளை, முகுளத்திலுள்ள இதயக் கட்டுப்பாட்டு மையத்தையும் உடன் தூண்டுகிறது. இதனால் ஓடத் தொடங்கிய சில நொடிகளிலேயே துடிப்பு உயர்கிறது. ஆயினும், உழைப்பு நீளும்போது தனக்குக் கிடைக்கும் குருதி போதுமா என்பதைத் தசையே தெரிவிக்க வேண்டும்.

தசைக்கு அத்தகைய ஆற்றல் உண்டு என்பதை 1937ஆம் ஆண்டு கெய்ரோவில் ஆலம், ஸ்மர்க் ஆகிய இருவரும் காட்டினர். காற்றுப்பட்டையை இறுக்கி, உழைக்கும் உறுப்பின் குருதியோட்டத்தை அவர்கள் தடுத்தனர். உழைப்பு நின்ற பின்னரும், பட்டை இறுகியிருந்தவரை இரத்த அழுத்தம் உயர்ந்தே இருந்தது. பட்டையைத் தளர்த்தியதும் தணிந்தது. உழைப்பு நின்றபின் மூளையின் ஆணை இல்லை. எனவே, தசைக்குள் தேங்கிய வேதிப்பொருள்களே அழுத்தத்தை உயர்த்தி வைத்தன என்பது புலனாயிற்று.

இத்தூதின் வழியை 1972இல் மெக்லாஸ்கி, மிட்செல் ஆகியோர் பூனைகளிடம் ஆராய்ந்து தெளிவுபடுத்தினர். தண்டுவடத்தின் முன்வேர்களைத் தூண்டிப் பின்னங்கால் தசைகளைச் சுருங்கச் செய்தபோது இரத்த அழுத்தம் உயர்ந்தது. உணர்வுச் செய்திகளைச் சுமக்கும் பின்வேர்களைத் துண்டித்த பின்னர் அவ்வுயர்வு தோன்றவில்லை.

தசையில் இருவகை மெல்லிய உணர்வு நரம்பிழைகள் உள்ளன. மயலின் உறையுடையவை பெரும்பாலும் தசையின் இழுவிசையையும் அழுத்தத்தையும் உணர்கின்றன. உறையற்றவை பெரும்பாலும் லாக்டிக் அமிலம் முதலிய கழிவுகளின் பெருக்கத்தை உணர்கின்றன. இச்செய்திகள் தண்டுவடம் வழியே முகுளத்தை அடைகின்றன. அங்கிருந்து பிறக்கும் ஆணையால், இதயத்தை அடக்கிவைக்கும் எதிர்ப்பரிவு நரம்பின் பிடி தளர்கிறது. பரிவு நரம்பின் செயல் மிகுகிறது. குடல், சிறுநீரகம் போன்ற உறுப்புகளின் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. உழைக்கும் தசையிலோ, அங்கு உருவாகும் வேதிப்பொருள்களே குழாய்களை விரிக்கின்றன. இதனால் குருதி தேவையான இடத்தை நோக்கிப் பாய்கிறது. நம் விருப்பமின்றியே நிகழும் இஃது ஓர் அனிச்சைச் செயலாகும்.

உழைப்பின் தன்மைக்கேற்ப இதன் விளைவும் வேறுபடும். நடக்கும்போது தசை சுருங்கியும் தளர்ந்தும் இயங்குவதால் குருதி தடையின்றிப் பாய்கிறது. நீர் நிறைந்த வாளியை அசையாமல் பிடித்து நிற்கும்போதோ, இடைவிடாது சுருங்கிய தசை தன் குருதிக்குழாய்களையே நெருக்குகிறது. கழிவுகள் தேங்குகின்றன, சிறிய தசைத்தொகுதியே உழைத்தாலும் இரத்த அழுத்தம் வெகுவாக உயர்கிறது. உயர் இரத்த அழுத்தம் உடையோர் பெருஞ்சுமை தூக்கும் பயிற்சிக்கு முன் மருத்துவரின் அறிவுரையைப் பெறவேண்டியது இதனாலேயே.

இதயச் செயலிழப்பு நோயாளரிடம் இவ்வனிச்சைச் செயல் அளவுக்கு மீறித் தூண்டப்படுகிறது. குருதிக்குழாய்கள் மிகுதியாகச் சுருங்க, நலிந்த இதயத்தின் சுமை கூடுகிறது. சிறு உழைப்பும் களைப்பைத் தருகிறது. மருத்துவ மேற்பார்வையுடன் முறையாகச் செய்யும் உடற்பயிற்சி இம்மிகையைத் தணிக்க உதவுகிறது. இவ்வாறு, நடைப்பயிற்சியால் பண்படும் கால் தசை, நலிந்த இதயத்தின் சுமையையும் குறைக்கிறது.