முகத்துக்கும் ஏட்டுக்கும் ஒரு வில்லை

ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாளிலே அவர் நினைவாகக் கல்வெட்டு என்னும் சிறுநூலை அச்சிட்டு வழங்குதல் யாழ்ப்பாணத்து வழக்கம். அந்நூலின் முகப்பில் வைத்தற்கு ஒரு படம் வேண்டும். அப்பொழுதுதான் வீட்டார் பெட்டிகளைக் கிளறத் தொடங்குவர். நாற்பது ஆண்டுகள் கற்பித்த ஆசிரியர் ஒருவருக்கு, அடையாள அட்டைக்கெனப் பிடித்த படமும், பரிசளிப்பு விழாவிலே மூன்றாம் வரிசையில் நின்ற குழுப்படமும் அன்றி வேறொன்றும் அகப்படாமையை யான் பன்முறை கண்டிருக்கிறேன். குழுப்படத்தினின்றும் பெருப்பித்தெடுத்த முகத்திலே கண் எது, மூக்குக்கண்ணாடி எது என்பது புலப்படாது. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் இறுதியில் நேர்ந்த இடப்பெயர்விலே பல வீடுகளின் படத்தொகுதிகள் கைவிடப்பட்டன. ஆதலின் இக்குறை நம்மவர்க்கு இருமடங்காயிற்று.

ஏடுகளின் நிலையும் இதுவே. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபொழுது ஓலைச்சுவடிகளும் உடன் அழிந்தன. எஞ்சியவை வீடுகளிலே பரணிலும் பெட்டகத்திலும் கிடந்து செல்லுக்கும் ஈரத்துக்கும் இரையாகின்றன.

இவ்விரண்டையும் படம்பிடித்து வைத்தல் வேண்டுமென்று விழைந்த மாணாக்கர் சிலரும் பழைய மாணவர் சிலரும், கையிலிருக்கும் சிறு தொகைக்கு எந்த வில்லையை வாங்கலாமென என்னை வினவினர். தமிழாசிரியனுக்கும் கமராவுக்கும் என்ன உறவு என்று நகைப்பாரும் உளர். சுவடிகளைப் படியெடுக்கப் புகுந்தவன் வில்லையைப் பற்றி அறியாதிருத்தல் இயலாது என்பதே அவர்க்கு விடை.

முதலில் முகத்தை எடுத்துக்கொள்வோம். கைபேசியாலோ, அகலக் கோணம் காட்டும் வில்லையாலோ ஒருவர் முகத்தை அணுகிப் பிடித்தால் மூக்குப் பருத்தும் காதுகள் ஒடுங்கியும் தோன்றும். இதனை வில்லையின் குற்றம் என்பர் பலர். உண்மையில் அது தூரத்தின் குற்றம். மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே ஏறத்தாழ 12 சதமமீற்றர் ஆழம் உண்டு எனக் கொள்வோம். 40 சதமமீற்றரில் நின்று பிடித்தால் மூக்கு 40இலும் காது 52இலும் இருக்கும். ஆகவே காதை நோக்க மூக்கு நூற்றுக்கு முப்பது பங்கு மிகுதியாகப் பெருக்கும். ஒன்றரை மீற்றருக்குப் பின்வாங்கினால் 150க்கும் 162க்கும் உள்ள வேற்றுமை நூற்றுக்கு எட்டேயாகும். நாம் ஒருவரோடு எதிரிருந்து உரையாடும்பொழுது காணும் முகம் இதுவே. எனவே ஒன்றரை மீற்றர் முதல் இரண்டரை மீற்றர் வரை முதலில் நிற்க வேண்டும். அவ்விடத்தினின்று தலையும் மார்பும் படச்சட்டத்தை நிரப்புதற்கு எந்தக் குவியத்தூரம் வேண்டும் என்பது அதற்குப் பின் எழும் வினா.

அதற்கு விடை கமராவின் உணரியைப் பொறுத்தது. மாணாக்கர் வாங்கத்தக்க கமராக்களுட் பெரும்பாலானவற்றின் உணரி ஏறத்தாழ 24 மில்லிமீற்றர் நீளமும் 16 மில்லிமீற்றர் அகலமும் உடையது. ஏ.பி.எஸ்.-சி என வணிகர் கூறுவது இதனையே. இவ்வகைக் கமராவிலே 50 மில்லிமீற்றர் வில்லையை மாட்டிக் கமராவை நெடுவாட்டில் பிடித்தால், ஒன்றரை மீற்றரில் ஒருவருடைய தலையும் மார்பும் அளவாக அமையும். முகப்படத்துக்கு 85 மில்லிமீற்றரே உரியது என்னும் கூற்று 35 மில்லிமீற்றர் பிலிம் அளவான முழு உணரிக்குப் பொருந்தும். சிறிய உணரியில் அதே படத்தை 85 மில்லிமீற்றரால் எடுக்கப் புகின் இரண்டரை மீற்றருக்கு மேற் பின்வாங்குதல் வேண்டும். வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவரை அவர் வீட்டு விறாந்தையிலே சாய்மனைக் கதிரையிலிருக்கப் பிடிக்கும்பொழுது அத்துணை இடம் கிடையாது. படியால் இறங்கி முற்றத்து வெயிலில் நிற்க நேரும்.

இனி ஒளி. 1839இல் தாகேரின் முறை வெளியானபொழுது முகப்படம் பிடித்தல் பெருந்துன்பமாயிருந்தது. அக்காலத்து வில்லைகள் ஒளியை மிகச் சிறிதே உட்புக விட்டமையால் நிமிடக்கணக்கில் அசையாதிருத்தல் வேண்டியதாயிற்று. மறுவருடமே வியன்னாவில் யோசெப் பெற்சுவால் என்னும் கணித அறிஞர், கணக்கிட்டே ஒரு வில்லையை வகுத்தார். அதன் துவாரம் ஏறத்தாழ எஃப் 3.6. அதனால் இருக்கவேண்டிய நேரம் பன்மடங்கு குறைந்தது. இன்று மிக மலிந்த 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை அதனிலும் நான்கு மடங்கு ஒளியைத் தரும். கெனன், நிக்கோன், சோனி ஆகிய மூவரும் இத்தகைய வில்லையைச் செய்கின்றனர். அவர்தம் வில்லைகளுள் மிகக் குறைந்த விலைக்கு விற்பனவற்றுள் இதுவும் ஒன்று.

ஆயினும் துவாரம் பெரிதென்று எப்பொழுதும் முழுக்கத் திறந்து பிடிப்பவர் ஏமாறுவர். ஒன்றரை மீற்றரில் எஃப் 1.8இல் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஆறு சதமமீற்றரே. கண் தெளிந்தால் காது மங்கும். முகத்தைச் சற்றுத் திருப்பியிருந்தால் ஒரு கண் தெளிய மறுகண் மங்கும். எஃப் 4க்கு ஒடுக்கினால் முகம் முழுதும் அடங்கும். பின்னணி மங்குவதே அழகு என்னும் கொள்கை இக்காலத்துப் பரவியிருக்கிறது. ஆசிரியர் ஒருவருக்குப் பின்னே அவர் புத்தக அலுமாரி ஓரளவு தெரிதலே எனக்கு உவப்பானது.

கமராவோடு கூடவே வந்த 18–55 மில்லிமீற்றர் வில்லையை எவரும் இகழ வேண்டா. அதனை 55இல் வைத்து, காலை ஒளியில் விறாந்தை ஓரத்தே இருத்திப் பிடித்தால் எஃப் 5.6உம் போதும். அவ்வில்லைகளிற் பல, பொருளை அதன் அளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்காக உணரியில் விழுத்தவும் வல்லன. ஒரு மாதம் அதனைக் கொண்டே பழகி, எங்கே அது போதாதென்று கண்ட பின்னரே கடைக்குச் செல்லல் நன்று. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின் இறக்குமதிப் பொருளின் விலை ஏறியதை யாவரும் அறிவர். வாங்கிவிட்டு வருந்துதற்கு இது காலமன்று.

அடுத்து அண்மைப் படம். இங்கே பலர் வேண்டாத செலவு செய்கின்றனர். 36 சதமமீற்றர் நீளமுள்ள ஓலை ஒன்றை முழுமையாகப் பிடிக்க விழைகிறோம் என்க. 24 மெகாபிக்செல் கமராவிலே நீளவாட்டில் ஏறத்தாழ 6000 புள்ளிகள் உண்டு. ஆகவே ஓலையின் ஒவ்வொரு மில்லிமீற்றருக்கும் பதினாறு புள்ளிகள் கிடைக்கும். எழுத்தின் உயரம் மூன்று மில்லிமீற்றராயின் அதற்கு ஏறத்தாழ ஐம்பது புள்ளிகள். மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத பழைய ஏட்டைப் படிப்பதற்கும் இது போதும். இதற்கு 50 மில்லிமீற்றர் வில்லையோடு ஏறத்தாழ 80 சதமமீற்றர் உயரத்தில் கமராவைக் கவிழ்த்து வைத்தலே வேண்டும். வேறு கருவி வேண்டா. ஆனால் சிதைந்த ஓரத்தில் ஒரு சொல் எகரமோ ஏகாரமோ என ஆராயவும், பழைய பரிசுப் பதக்கத்தில் தேய்ந்த பெயரைப் படிக்கவும், நந்தியாவட்டைப் பூவின் நடுவைக் காட்டவும் புகின் அண்மை வேண்டும்.

அண்மையைப் பெறுதற்கு மலிந்த வழிகள் இரண்டு. ஒன்று, கமராவுக்கும் வில்லைக்கும் இடையே மாட்டும் நீட்டு வளையம். கடைக்காரர் எக்ஸ்ரென்ஷன் ரியூப் என்பர். உள்ளே கண்ணாடி இல்லாத வெறுங்குழாய் அது. மற்றையது, வில்லையின் முன்னே திருகும் அண்மைக் கண்ணாடி. இவற்றுள் எதனைத் தெரிவது என்பதற்குக் கணக்கு உண்டு. வளையம் தரும் உருப்பெருக்கம், வளையத்தின் நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தது. 50 மில்லிமீற்றர் வில்லைக்கு 36 மில்லிமீற்றர் வளையம் இட்டால் ஏறத்தாழ முக்காற் பங்கு கிடைக்கும். 200 மில்லிமீற்றர் வில்லைக்கு அதே வளையம் ஐந்தில் ஒரு பங்குகூடத் தராது. கண்ணாடியோ இதற்கு மறுதலை. +2 டயொப்ரர் கண்ணாடி 50 மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கே தரும். 200 மில்லிமீற்றரில் ஐந்தில் இரண்டு தரும். ஆதலின் குறுவில்லை உடையார் வளையமும், 55–200 போன்ற நெடுவில்லை உடையார் இரு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த அண்மைக் கண்ணாடியும் வாங்குக. ஒற்றைக் கண்ணாடியாலானது ஓரங்களில் நிறம் சிதறும்.

வளையம் வாங்குவோர் மின்தொடுகை உடையதையே வாங்கல் வேண்டும். தொடுகையில்லாத வளையம் மிக மலிவு. ஆனால் இக்காலத்துக் கெனன் வில்லையை அதில் மாட்டினால் துவாரத்தை ஒடுக்க முடியாது. முழுக்கத் திறந்த துவாரத்தோடு அண்மையில் எடுத்த படத்தில் ஒரு மயிரிழை அளவே தெளியும். பொருளை அதன் முழு அளவில் உணரியில் விழுத்தும்பொழுது எஃப் 8இலும் தெளிவின் ஆழம் ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாது. வரும் ஒளியும் நாலில் ஒன்றாகக் குறையும். ஆகவே முக்காலியும், கைபடாது இயக்கும் நேரங்காட்டி விசையும் வில்லைக்கு முன்னர் வாங்கத்தக்கவை.

வளையத்தின் குறை ஒன்றையும் மறைத்தல் கூடாது. எஃப் 1.8 வில்லை தூரத்துப் பொருளுக்கென வகுக்கப்பட்டது. அண்மையில் தட்டையான தாளைப் பிடித்தால் நடு தெளிந்து மூலைகள் மங்கும். பூவுக்கும் பதக்கத்துக்கும் இது கேடன்று, எழுத்துக்குக் கேடு. இதனை முன்னமே உணர்ந்தவர் யப்பானியர். நுண்படச் சுருளிலே நூல்களைப் பதிவு செய்தபொழுது, பல கீறுகளாலான அவர்தம் எழுத்துக்கள் தெளிவாக விழவில்லை. அக்குறையைப் போக்க 1956இல் நிக்கோன் நிறுவனத்தார் 5 சதமமீற்றர் குவியத்தூரமுடைய மைக்ரோ நிக்கோர் வில்லையை வெளியிட்டனர். அதன் வழிவந்த 55 மில்லிமீற்றர் வில்லைகள், கையாற் குவியப்படுத்துவன, பழைய பொருளாக இன்றும் விற்பனைக்கு வருகின்றன. மிரர்லெஸ் எனப்படும் ஆடியற்ற கமராக்களில் ஒரு மலிந்த இணைப்பு வளையத்தால் அவற்றைப் பூட்டலாம். அவற்றுட் பெரும்பாலானவை வேறு துணையின்றி அரைப்பங்கு உருப்பெருக்கம் தரும், எஃப் 2.8 அல்லது 3.5 துவாரத்தோடு முகப்படத்துக்கும் உதவும். எழுத்தே பெரிதென எண்ணும் என் போன்றார்க்கு இதனினும் மேலான தெரிவு இல்லை. பூச்சியினங்களைப் பிடிக்க விழைவார்க்கு மட்டும் இது பொருந்தாது. பொருளை மிக அணுக வேண்டுமாதலின் வண்ணத்துப்பூச்சி பறந்துவிடும். அவர்கள் தம்ரொன் நிறுவனத்தார் 1979 முதல் செய்துவரும் 90 மில்லிமீற்றர் வகையைப் பொருள் சேர்த்து வாங்குக.

ஆகவே முகமே முதன்மையாயின் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8உம் தொடுகையுடைய வளையமும். ஏடே முதன்மையாயின் பழைய 55 மில்லிமீற்றர் மைக்ரோ. மாணவர் சங்கம் ஒன்று இரண்டையும் விரும்பித் தொகை ஒன்றுக்கே போதுமாயின், முன்னையதையே யான் சொல்வேன். ஏடு அடுத்த ஆண்டும் இருத்தல் கூடும். தொண்ணூறு வயது ஆசிரியருக்கு அவ்வுறுதி இல்லை.

பழைய வில்லை வாங்குவோர்க்குச் சில எச்சரிக்கைகள். நிக்கோன் டி 3000, டி 5000 வரிசைக் கமராக்களில் குவிய மோட்டர் இல்லை, ஏ.எஃப்.-டி எனக் குறித்த பழைய 50 மில்லிமீற்றர் வில்லை அவற்றிலே தானாகக் குவியாது. கையாற் குவியும் பழைய மைக்ரோவை மாட்டினால் அவற்றின் ஒளிமானியும் வேலை செய்யாது. அவ்வில்லைகள் சிலவற்றில் துவார இதழ்களில் நெய் படிந்து அவை ஒட்டிக்கொள்ளும். ஆதலின் வளையத்தைத் திருப்பி இதழ்கள் விரைந்து அசைகின்றனவா எனக் காண்க.

எல்லாவற்றினும் கொடியது பூஞ்சணம். கொழும்பிலே ஒரு கடையில் யான் மகிழ்ந்து வாங்கிய வில்லையை வீட்டுக்கு வந்து ரோர்ச் விளக்கை ஊடுசெலுத்திப் பார்த்தபொழுது, உள்ளே சிலந்திவலை போன்ற நூலிழைகள் படர்ந்திருந்தன. கடைக்காரர் அது தூசு என்றார். தூசு கிளைவிட்டுப் படர்வதில்லை. பூஞ்சணம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடுமாதலின், பிரித்துத் துடைத்த பின்னும் வடு நிற்கும். ஆகவே கடையிலேயே, துவாரத்தை முழுக்கத் திறந்து, முன்னும் பின்னும் விளக்கைச் சாய்த்துப் பார்த்தே பணத்தை எண்ணுக.

நம் ஊர் வெப்பமும் ஈரமும் புதிய வில்லையையும் விடா. தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும். அழகுக்காக அதனுள் இட்டு அலுமாரியில் பூட்டுதல் தீது. காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டியிலே சிலிக்கா ஜெல் மணிகளோடு வைத்து, மணிகள் நிறம் மாறியதும் மெல்லிய வெப்பத்திற் காய வைத்து மீளவும் இடலாம். சங்கத்தின் பொருளாயின் அப்பெட்டி கல்லூரி நூலகத்திலே, எடுத்தவர் பெயரும் நாளும் எழுதும் கொப்பியோடு இருத்தல் வேண்டும்.