காலி வீட்டில் ஒரு பார்சல் சர்வீஸ்

மலேரியா ஒட்டுண்ணி சிவப்பணுவுக்குள்ளே போய் வாழுதுன்னு பள்ளியிலேயே படிச்சிருப்போம். ஏன் அந்த செல்லைப் போய்ப் பிடித்தது என்பதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. வளர்ந்த சிவப்பணுவில் உட்கரு கிடையாது, ரைபோசோம் கிடையாது, கோல்கியும் கிடையாது. கிட்டத்தட்ட ஹீமோகுளோபின் நிரப்பிய பை. ஒளிந்துகொள்ள நல்ல இடம்தான். ஆனா அங்கே வேலை செய்ய ஆள் இல்லை!

சரி, சும்மா ஒளிந்தே இருக்கலாமே? முடியாது. ஒட்டுண்ணி வளர வளர சிவப்பணு விறைத்துப் போகும். அப்படி விறைத்த செல்களை மண்ணீரல் வடிகட்டி அழித்துவிடும். அதனால் பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம், பிஎஃப்இஎம்பி1 என்ற புரதத்தை சிவப்பணுவின் வெளிப்பரப்பில் குமிழ்கள் மேல் நட்டு வைக்கிறது. அது கொக்கி மாதிரி ரத்தக்குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொள்ளும். செல் மண்ணீரல் பக்கமே போகாது.

இந்தக் கொக்கியோடு இன்னும் நூற்றுக்கணக்கான புரதங்களையும் ஒட்டுண்ணி தன் உடம்பிலிருந்து வெளியே அனுப்ப வேண்டும். அதுவோ ஒரு சவ்வுப் பைக்குள் இருக்கிறது. ஆக, தன் சவ்வு, பையின் சவ்வு என்று இரண்டு சுவர்களைத் தாண்டணும்.

எது வெளியே போகணும்னு எப்படித் தெரியும்? 2004-ல் மெல்போர்ன், சிகாகோ ஆய்வாளர்கள் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தார்கள். பல புரதங்களில் பெக்செல் என்ற சிறு முகவரிச்சீட்டு இருக்கிறது. பிளாஸ்மெப்சின் 5 என்ற நொதி, ஒட்டுண்ணியின் எண்டோபிளாச வலையிலேயே அதை வெட்டுகிறது. சீட்டே இல்லாமல் போகும் புரதங்களும் உண்டு.

பையின் சவ்வில் காத்திருக்கும் வாசலுக்கு பிடெக்ஸ் என்று பெயர், 2009-ல் கண்டுபிடித்தார்கள். இஎக்ஸ்பி2 அதன் துளை. எச்எஸ்பி101, ஏடிபியைச் செலவழித்து புரதத்தின் மடிப்பைப் பிரித்து, நூல் மாதிரி இழுத்து உள்ளே தள்ளும் மோட்டார். இதற்கு அழகான சோதனை ஒன்று உண்டு: மருந்து சேர்த்தால் மடிப்பு இறுகிவிடும் ஒரு புரதத்துண்டை சரக்கோடு ஒட்டினார்கள். மருந்து சேர்த்ததும் ஏற்றுமதி வாசலிலேயே நின்றது. மடிப்பு பிரியாமல் அனுமதி இல்லை என்று புரிந்தது.

தாண்டிய பிறகும் கொக்கி நேரே மேலே போகாது. சிவப்பணுவுக்குள் ஒட்டுண்ணியே கட்டிய மௌரர் பிளவுகள் என்ற சவ்வுத் தட்டுகள் வழியாகத்தான் போகும். காலி வீட்டில் குடிவந்தவன் பார்சல் ஆபீஸும் கட்டிக்கொண்டான்!

இதெல்லாம் வெறும் செல் உயிரியல் சுவாரசியம் இல்லை. கொக்கி போட்ட செல்கள் மூளையின் நுண்குழாய்களில் தேங்குவதுதான் மூளை மலேரியாவின் அடிப்படை. விரலில் குத்தி எடுக்கும் ரத்தத்தில் பெரும்பாலும் இளம் வளைய நிலைகள்தான் தெரியும்; முதிர்ந்தவை உள்ளே ஒட்டியிருக்கும். ஸ்லைடில் கொஞ்சம்தானே தெரியுதுன்னு நிம்மதியாக இருக்க முடியாது.

2014-ல் எச்எஸ்பி101-ஐ முடக்கிப் பார்த்தபோது ஏற்றுமதி நின்றது, ஒட்டுண்ணியின் வளர்ச்சியும் நின்றது. அந்த ஒற்றை வாசலை அடைக்கும் மருந்து கிடைத்தால், ஒளிந்த இடமே அதற்குச் சிறையாகிவிடும்.