மனக்காயத்தை ஆற்றுவது யார்?

மயிலாப்பூரிலிருந்து கிழக்கே நடந்து சாந்தோம் நெடுஞ்சாலையைக் கடந்தால் கடற்கரை வந்துவிடுகிறது. அங்கிருந்து தெற்கே, அடையாறு கடலில் கலக்கும் முகத்துவாரம் வரையில், பட்டினப்பாக்கம், சீனிவாசபுரம் என்று மீனவர் குடியிருப்புகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்ராவுக்கு அருகே கடலடியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தால் எழுந்த ஆழிப்பேரலை சுமார் இரண்டரை மணி நேரத்தில் இக்கரையை அடைந்தது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். சென்னையில் மட்டும் 200-க்கு மேற்பட்டோர்.

தண்ணீர் சில மணி நேரத்தில் வடிந்துவிட்டது. அச்சம் வடியவில்லை. மாதக்கணக்கில், இரவில் அலையோசை சற்று உரத்துக் கேட்டாலே திடுக்கிட்டு எழுவோரும், கடல் பக்கம் போகவே மறுக்கும் குழந்தைகளும் கரையெங்கும் இருந்தனர். இதைக் கோழைத்தனம் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படியன்று, நம் உடலின் அமைப்பே இதற்குக் காரணம்.

மூளையின் அடிப்பகுதியில், பக்கத்துக்கு ஒன்றாக, வாதுமைப் பருப்பின் வடிவில் அமிக்டலா என்னும் உறுப்பு இருக்கிறது. ஆபத்தை உணர்ந்து மணியடிப்பது அதன் வேலை. மணி அடித்ததும், சிறுநீரகங்களின்மேல் தொப்பி வைத்தாற்போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினையும், சற்றுப் பின்னால் கார்டிசாலையும் இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது, ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாகிறது. உயிர் காக்கும் ஏற்பாடுதான் இது. ஆனால், எது எங்கே, எப்போது நடந்தது என்று குறித்து வைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, கடும் அச்சத்தின்போது தன் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. எனவே நினைவு துண்டு துண்டாகப் பதிகிறது. பின்னொரு நாள் ஓர் ஓசையோ, வாசனையோ, அதட்டலோ அந்தத் துண்டைத் தொட்டுவிட்டால், அன்று நடந்தது இன்று நடப்பதாகவே உடல் எடுத்துக்கொள்கிறது. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர்கள் இதற்கு 'மனவடு' என்று பொருத்தமான பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு உற்றார் அரவணைப்பிலேயே இக்காயம் ஆறிவிடுகிறது, சிலருக்குத்தான் நிலைத்துவிடுகிறது.

இனி, கணவனை அலைக்குப் பறிகொடுத்த ஒரு பெண்ணை மனத்தில் கற்பனை செய்துகொள்ளுங்கள். இறப்புச் சான்றிதழ், நிவாரணத் தொகை, குடும்ப அட்டை, பிள்ளையின் பள்ளி என்று அவள் பல வாசல்களை ஏற வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் "என்ன நடந்தது, சொல்லம்மா" என்ற அதே கேள்வி. நேற்றுச் சொன்னதற்கும் இன்று சொல்வதற்கும் சிறு வேறுபாடு இருந்தால், எழுத்தருக்குச் சந்தேகம் பிறக்கிறது. அவள் பொய் சொல்லவில்லை. நினைவு அப்படித்தான் பதிந்திருக்கிறது. மருத்துவர் வாரம் ஒருமுறை ஆற்றும் காயத்தை, இப்படி மற்ற ஆறு நாளும் மற்றவர்கள் கிளறிவிட்டால் என்ன பயன்? மேலும், நம் நாட்டில் இலட்சம் மக்களுக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை.

ஆகவேதான் ஆழிப்பேரலைக்குப் பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் தமிழகக் கரையோரம் வந்து, மருத்துவர் அல்லாத களப்பணியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தனர். சென்னையிலேயே, தற்கொலைத் தடுப்புக்காக 1986-இல் தொடங்கப்பட்ட 'சினேகா' அமைப்பின் தொண்டர்கள், உறவினரை இழந்தோரின் வீடு தேடிச் சென்றனர். இவர்கள் மருந்து எழுதுபவர்கள் அல்லர். பொறுமையாகக் காது கொடுக்கப் பயின்ற சாதாரண மக்கள். ஓராண்டுக்குப் பின், தொண்டர்கள் சென்ற பகுதியையும் செல்லாத பகுதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சென்ற இடத்தில் மனச்சோர்வு குறைவாக இருந்ததை 2008-இல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது.

காது கொடுப்பது வேறு, வாயைப் பிடுங்குவது வேறு என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். விபத்து நடந்த சில நாளிலேயே எல்லாவற்றையும் ஒரே அமர்வில் சொல்லச் செய்யும் முறை மேல்நாடுகளில் வெகுவாகப் பரவியிருந்தது. 2002-இல் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, அதனால் பயனில்லை, சிலருக்குத் தீங்கும் நேரலாம் என்று தெரியவந்தது. உலக சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட 'உளவியல் முதலுதவி' வழிகாட்டி சொல்வது மூன்றே சொற்கள்: பார், கேள், இணை. இணைப்பது என்றால் சோறு, கூரை, உறவினர், மருத்துவர் ஆகியவற்றோடு.

நம் சட்டமும் ஓரிடத்தில் இதை ஏற்றிருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குழந்தையிடம் வாக்குமூலம் பெறும் காவல் அதிகாரி சீருடையில் இருக்கலாகாது. சாட்சியத்துக்காக நீதிமன்றம் குழந்தையை மீண்டும் மீண்டும் அழைக்கலாகாது. காவல்துறையும் நீதிமன்றமும் இதன்மூலம் மருத்துவத்தில் பங்கு கொள்கின்றன என்றே நான் கருதுகிறேன்.

வீட்டு வசதித் துறையைத்தான் இந்தக் கூட்டில் சேர்க்க நமக்குத் தோன்றுவதில்லை. சென்னைக் கடலோரத்தில் வீடிழந்த பல குடும்பங்களுக்கு, அன்றைய குடிசை மாற்று வாரியம் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள செம்மஞ்சேரியில் வீடு ஒதுக்கியது. கல்நார்க் கூரைக்குப் பதில் காங்கிரீட் கூரை; அலை வராத இடம். ஆனால் இரவில் அழுகுரல் கேட்டால் கதவைத் தட்டிவந்த பக்கத்து வீட்டு அத்தை எந்தத் தொகுதிக்குப் போனாள் என்று தெரியாது. விடியுமுன் படகைத் தள்ள வேண்டியவர், கடலுக்கு வந்து சேரவே பேருந்துக்காகக் காத்திருக்க வேண்டும்.