கார் டயர் வாங்குவோர் கவனத்திற்கு

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

மனிதன் சக்கரம் செய்யக் கற்றுப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆயின. ஆனால் அதற்குக் காற்றடைத்த ரப்பர் வளையம் மாட்டி ஓட்டத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் விறைக்காமலும் இருக்கும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் கண்டார். காற்றடைத்த சக்கரத்துக்கு 1845இல் இராபர்ட் தாம்சன் காப்புரிமை பெற்றார். அன்று அதைக் கேட்பார் இல்லை. 1888இல் ஜான் பாய்ட் டன்லப் அதே கருத்தைத் தாமும் கண்டு சொன்ன பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நம் தமிழ்நாட்டுக்கும் இத்தொழிலில் பெரும் பங்குண்டு. 1946இல் திருவொற்றியூரில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கியதே எம்.ஆர்.எஃப். நிறுவனம். இன்று அரக்கோணத்திலும் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்திலும் பெரம்பலூர்ப் பக்கத்திலும் டயர் ஆலைகள் இயங்குகின்றன.

ஆயினும் டயரை நம்பிப் பிழைக்கும் ஓட்டுநர்களில் எத்தனை பேர் அதன் பக்கச் சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கின்றனர்? எழுத்தெல்லாம் ஆங்கிலம், அதுவும் கறுப்பின்மேல் கறுப்பு. கடைக்காரர் சொல்வதே வேதவாக்காகி விடுகிறது. நல்ல விலைக்கு டயர் வாங்குவது என்பது பேரம் பேசும் திறமை மட்டுமன்று. அந்த எழுத்தைப் படிப்பதில் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள காரில் சக்கரம் ஒன்றுக்கு 300 கிலோ. டயரில் காற்று 32 பவுண்டு என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2¼ கிலோ. வகுத்துப் பாருங்கள்: ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 133 சதுர சென்டிமீட்டர்தான். நமது அஞ்சலட்டையைவிடச் சற்றே பெரிது, அவ்வளவே! நான்கு அஞ்சலட்டைகளின்மேல்தான் ஒரு குடும்பம் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. ஆகவே மலிவு என்று கேட்டதும் மகிழ்ந்துவிடாமல், எதனால் மலிவு என்று கேட்பது நல்லது.

இனி எழுத்துக்கு வருவோம். 165/80 ஆர் 14 85 டி என்று ஒரு டயரில் இருப்பதாகக் கொள்வோம். 165 என்பது மில்லிமீட்டரில் அகலம். பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 80 பங்கு. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது உள்ளே மாட்டும் வட்டின் விட்டம், அங்குலத்தில். இவ்வளவும் அநேகருக்குத் தெரியும். அடுத்து வரும் 85 என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. அது சுமை எண். 85 என்றால் அந்த டயர் தாங்கக்கூடியது 515 கிலோ. 82 என்றால் 475 கிலோ. இருநூறு ரூபாய் குறைகிறதே என்று 85 இருந்த இடத்தில் 82 மாட்டினால் சக்கரம் ஒன்றுக்கு 40 கிலோ தாங்கும் திறனை விற்றுவிட்டோம் என்று பொருள். கல்யாண வீட்டுச் சவாரிக்கு உச்சியிலும் மூட்டை கட்டி ஓடும் வாடகைக் காருக்கு இது சிறிய விஷயம் அன்று. கடைசி எழுத்து வேகத்தைக் குறிக்கும்: எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர், டி 190, ஹெச் 210. நம் சாலையில் அந்த வேகம் யாருக்கும் தேவையில்லை என்றாலும், கார் உற்பத்தியாளர் குறித்துள்ள எழுத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

விலையோடு நேரடித் தொடர்புடையது வேறோர் எண். டி.ஓ.டி. எனத் தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2625 என்றிருந்தால் 2025ஆம் ஆண்டின் 26ஆவது வாரத்தில் செய்தது. சில சமயம் ஒரு பக்கச் சுவரில் மட்டுமே இவ்விலக்கங்கள் இருக்கும். டயரைத் திருப்பிப் போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். ரப்பர் சும்மா கிடந்தாலும் மூப்படையும். அதன் மூலக்கூற்றுச் சங்கிலியில் உள்ள இரட்டைப் பிணைப்புகளை ஓசோனும் ஆக்சிஜனும் மெல்ல மெல்லத் தாக்குகின்றன. வெப்பம் அதனை விரைவுபடுத்தும். நம்மூர்த் தகரக் கொட்டகைக் கிடங்கின் சித்திரை வெப்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆறு மாதம், எட்டு மாதம் என்பதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. இரண்டு மூன்று ஆண்டு என்றால் நிச்சயம் பேச வேண்டும்.

என் தந்தையார் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுபவர். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். 2025 ஐப்பசியில் அவருடன் நானும் டயர் வாங்கச் சென்றேன். ஒரு கடையில் மற்ற இடங்களைவிடக் குறைத்து, ஒன்று 4,100 ரூபாய் என்றார்கள். எண்ணைத் துடைத்துப் பார்த்தேன், 0922 என்றிருந்தது. அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "மூணு வருசம் உங்க கடையிலயே ஓடிடுச்சே தம்பி, அதுக்கும் நானா காசு குடுக்கணும்?" என்று மட்டும் கேட்டார். உள்ளேயிருந்து அவ்வாண்டு டயர்கள் வந்தன. விலை 4,450 ஆயிற்று. நான்கிற்கும் சேர்த்து 1,400 ரூபாய் கூடுதல். எங்களுக்கு அது எளிய தொகை அன்று. ஆனாலும் அப்பா மறு பேச்சின்றி எடுத்துக் கொண்டார்.

படிப்பால் வராத அறிவும் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். ஓட்டுநர்கள் பட்டன் என்று சொல்லும் மேற்புறக் கட்டைகளை அப்பா உள்ளங்கையால் உள்ளிருந்து வெளியே ஒருமுறையும், வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவிப் பார்ப்பார். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் அரம்போலவும் உறுத்தினால் சக்கரம் நேர்கோட்டில் இல்லை என்பார். வீல் அலைன்மென்ட் பார்க்கும் இயந்திரமும் அதையே சொல்லும். ஓரங்கள் இரண்டும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. பழைய டயர் ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் புது டயர் மாட்டினால் அதுவும் அவ்வழியே போகும்.

விலையை டயருக்கு இவ்வளவு என்று பாராமல் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பார்ப்பதே முறை. 3,600 ரூபாய் டயர் 30,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 12 காசு. 4,500 ரூபாய் டயர் 50,000 ஓடினால் 9 காசு. வாடகை வண்டிக்கு இரண்டாவதே மலிவு. ஆனால் ஆண்டுக்கு ஐயாயிரம் கிலோமீட்டர் ஓடும் வீட்டுக் காருக்கு இக்கணக்கு பொருந்தாது. அங்கே பட்டன் தேயுமுன் ரப்பருக்கே வயதாகிவிடும். நெடுநாள் உழைக்கும் டயருக்கு அதிக விலை கொடுப்பது அவர்களுக்கு வீண். மழையில் நன்றாகப் பிடிக்கும் டயரைக் கேட்டு வாங்கலாம்.

கடைக்குச் செல்லுமுன் முழு எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதே நிறுவனத்தின் அதே வகை டயருக்கு மூன்று கடைகளில் விலை கேட்க வேண்டும். வெறும் டயர் விலையைக் கேட்டுத் திரும்பக் கூடாது. மாட்டும் கூலி, பேலன்சிங், புது வால்வு, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து எவ்வளவு, பழைய டயருக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று கேட்டால்தான் உண்மை விலை தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் புது கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தது. முன்பு வரியோடு 5,120 ரூபாயாக இருந்தது இப்போது 4,720 ஆகும். பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இதை நினைவூட்டலாம். "பில் வேண்டாமென்றால் இன்னும் குறைக்கிறேன்" என்பாரும் உளர். பில் இல்லாவிட்டால், பின்னர் டயர் புடைத்துக்கொண்டு வரும்போது உத்தரவாதம் கேட்க வழியில்லை.

சாலையோரத்தில் கிடைக்கும் பழைய டயரைப் பற்றி ஒரு வார்த்தை. தேய்ந்த டயரில் சூட்டுக் கத்தியால் புதுக் கோடு வெட்டிக் கறுப்புப் பூசி விற்பதுண்டு. காடியின் அடியில் ஆங்காங்கே குறுக்கே சிறு மேடுகள் இருக்க வேண்டும். 1.6 மில்லிமீட்டர் உயரமுள்ள அம்மேட்டின் அளவுக்குப் பட்டன் தேய்ந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும் என்பது அடையாளம். அம்மேடே வெட்டுப்பட்டிருந்தால் அது கத்தியின் வேலை. அது இனாமாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம்.

இரண்டு டயர் வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால் அவற்றைப் பின்னால் மாட்டுவதே நல்லது. முன் சக்கரம்தானே திருப்புகிறது என்று பலர் முன்னால் மாட்டுகின்றனர். மழைநீரில் முன் சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம்; பின் சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

காற்றைக் காலையில், வண்டி ஓடுமுன் பார்க்க வேண்டும். 30 டிகிரியில் 32 பவுண்டு இருந்த காற்று, ஓடி ஓடி 60 டிகிரிக்குச் சூடேறினால் வாயு விதிப்படி ஏறத்தாழ 36½ பவுண்டு காட்டும். அப்போது இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும். தனி நைட்ரஜன் காற்றுக்குப் பணம் கேட்பார்கள். நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். அப்பணத்தை மிச்சம் பிடித்து மாதம் இருமுறை சாதாரணக் காற்றைச் சரிபார்த்தால் போதும். அப்போதே டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியின் காற்றையும், அதன் நான்கு இலக்கத்தையும் பார்த்துக்கொள்ளலாம்.