கடன் யார் தலையில்?

கொத்மலையில் கோப்பி பயிரிட்ட காலத்துத் தொழிலாளி, முதல் நாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, நிற்கும்போதே கடனாளி. கடல் தாண்டி வந்த வழிச்செலவு, கங்காணி கொடுத்த முற்பணம், அரிசி, கம்பளி எல்லாம் அவர் பேரில் ஏறியிருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக துரையின் 'துண்டு' வேண்டும். இந்தக் கூட்டத்தின் கடனைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று அதில் எழுதியிருக்கும். புதுத் தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் அவர்கள் பின்னாலேயே போகும். சொல்லாமல் போனால் 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி சிறை. அந்தத் துண்டு முறை ஒழிய 1921 ஆயிற்று.

இன்று பல இடங்களில், கட்ட வேண்டிய சேமலாபப் பணத்தைக் கட்டாமல், தோட்டம்தான் தொழிலாளிக்குக் கடன்பட்டிருக்கிறது.

வேலையிழந்தோருக்கான காப்புறுதி இலங்கையில் கிடையாது. இருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் சேமலாப நிதியும், 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியும். முதலாவதை எடுக்கப் பொதுவாகப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதாக வேண்டும். இரண்டாவதை வேலையை விட்டதுமே கேட்கலாம், ஐந்து வருடத்துக்கு ஒரு முறை. வேலை போன வீட்டில் அடுப்பெரிய உதவுவது அதுதான்.

2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் மாதம் 25 நாள் பேர் விழுந்தால், அதாவது வேலை நாளாகப் பதிவானால், 33,750 ரூபாய். அதில் 8 வீதம், 2,700 ரூபாய், சம்பளம் கைக்கு வருமுன்பே சேமலாப நிதிக்காக வெட்டப்படும். தோட்டம் தன் பங்காக 12 வீதம், 4,050 ரூபாய் சேர்த்து, அடுத்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டும். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 வீதம். கட்டாவிட்டால், கொழுந்தெடுத்தவர் சொந்தமாகச் சம்பாதித்த 2,700 ரூபாயும் சேர்ந்தே நின்றுபோகிறது. என் கண்ணுக்கு இது வெறும் தாமதமல்ல, பிறர் பணத்தை வைத்துக்கொள்வது.

இதில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு என்பதுதான் மிகவும் வலிக்கிறது. கொத்மலை மலைகளுக்கு அப்பால் கண்டி, மாத்தளைப் பக்கத்து அரச தோட்டங்களில், ஜனவசம, பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ ஆகிய மூன்று நிறுவனங்களிலும் சேமலாப நிலுவை வருடக்கணக்கில் தேங்கியது. சட்டத்தை இயற்றியவரே அதை மீறினால் தனியாரிடம் எந்த முகத்தோடு கேட்பது?

ஆனாலும் சட்டத்துக்குப் பல் இருக்கிறது. பத்து நாள் வரை பிந்தினால் 5 வீதத்தில் தொடங்கும் தாமதக் கட்டணம், ஒரு வருடம் தாண்டினால் 50 வீதமாகும். தொழில் திணைக்களம் நிலுவையைச் சான்றுப்படுத்தி நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பினால், அதைக் குற்றப்பணம் போலவே அறவிடலாம்.

அந்தக் கதவைத் தட்ட அங்கத்துவ எண், அடையாள அட்டை, சம்பளச் சீட்டு வேண்டும். லயத்துக் கூரை ஒழுகி நனைந்துபோன சீட்டும், அட்டையில் ஒரு விதமாகவும் தோட்டத்து வேலைப் பதிவேடான செக்றோலில் வேறு விதமாகவும் எழுதிய பெயரும் முறைப்பாட்டை மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். பெயர் செக்றோலில் இருக்கும்போதே மத்திய வங்கியின் கணக்குக் கூற்றை வருடா வருடம் கேட்டு வாங்குங்கள். ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரையும் கூட்டிக்கொண்டு தொழில் காரியாலயத்துக்குப் போய், எழுத்தில் முறையிட்டு, பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.