மாற்றுத்திறன் உடைய இளைஞருக்குக் கலைப்பயிற்சி: மானியம் பெறும் வழிகள்

நெசவாளர் வாழும் தெருக்களிலும் உழவர் வாழும் ஊர்களிலும் கலை என்பது ஆடம்பரப் பொருளன்று. பொங்கல் நாட்களில் கோலாட்டமும், அம்மன் கோயில் விழாவில் கூத்தும், சேலைக் கரையில் புதுப் பூவேலையும் ஊரார் எல்லோருக்கும் உரியன. ஆயினும் செவி கேளாத, நடக்க இயலாத, அறிவு வளர்ச்சி குன்றிய இளைஞர் பலர் இவற்றையெல்லாம் திண்ணையிலிருந்து பார்த்தே காலம் கழிக்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். நம் அங்கத்தினர்களின் மக்களும் அவர்களுள் அடங்குவர். இவர்களும் மற்ற இளைஞரும் ஒன்றாக அமர்ந்து கலை பயிலும் வகுப்பொன்று வேண்டும் என்ற எண்ணம் சங்கங்களில் எழுவது இயல்பே. “பணத்துக்கு எங்கே போவது?” என்ற கேள்வியோடு அது அடங்கிவிடுவதும் உண்டு. அக்கேள்விக்கு இயன்ற அளவு விடை கூற முற்படுகிறோம்.

உரிமை வேறு, மானியம் வேறு

சட்டப்படி உரிமையாகக் கிடைக்க வேண்டியதை மானியமாகக் கேட்டு அலைதல் வீண் உழைப்பு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் உள்ளது. அது 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உடைய சிறுவர் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி பெற அதன் 31ஆம் பிரிவு உரிமை அளிக்கிறது. கலை, பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் அவர்கள் பங்கு பெற அரசு வழிவகை செய்ய வேண்டும் என்பது 29ஆம் பிரிவு. சக்கர நாற்காலி, செவிக்கருவி முதலிய உபகரணங்களுக்குத் தனித் திட்டங்கள் இருக்கின்றன.

ஆகவே முதல் வேலை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகி, ஒவ்வோர் இளைஞருக்கும் தனித்துவ அடையாள அட்டையும் உரிய உபகரணமும் கிடைக்கச் செய்வதாகும். இவை முடிந்தபின் எஞ்சி நிற்கும் குறை யாது? 18 வயதுக்குப்பின் பள்ளி இல்லை. செல்வதற்கு வேறு இடமும் இல்லை. அந்த வயதில்தான் இளைஞர் வீட்டினுள் முடங்கிப் போகின்றனர். மானியம் தேட வேண்டியது இந்த இடைவெளியை நிரப்புவதற்கே.

யார் விண்ணப்பிக்கலாம்?

நூலும் விளைபொருளும் வாங்கி விற்கும் கூட்டுறவுச் சங்கம் இத்தகைய மானியங்களுக்குத் தன் பெயரில் விண்ணப்பிப்பது பெரும்பாலும் இயலாது. மானியம் தருவோர் அறப்பணிக்கென்றே பதிவு பெற்ற சங்கத்தையோ அறக்கட்டளையையோ எதிர்பார்க்கின்றனர். அதற்கும் வருமானவரிச் சட்டத்தின்படி அறநிறுவனப் பதிவு, தணிக்கை செய்த கணக்கு, நீதி ஆயோக்கின் தன்னார்வ நிறுவனப் பதிவேட்டில் எண் ஆகியவை தேவைப்படும். புதிதாக ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, உடனே பணம் கிடைக்கும் என்று நம்புதல் தவறு. இரண்டு மூன்று ஆண்டுப் பணிச்சான்று பல திட்டங்களில் கேட்கப்படுகிறது. மாவட்டத்தில் ஏற்கெனவே நன்கு நடைபெறும் சேவை நிறுவனம் ஒன்றோடு எழுத்துமூலம் உடன்பாடு செய்துகொள்வதே எளிய வழி. அந்நிறுவனம் விண்ணப்பிக்கட்டும், நம் சங்கம் இடமும் ஆட்களும் தந்து, ஊராரின் ஒத்துழைப்பையும் பெற்றுத் தரட்டும்.

நான்கு வாயில்கள்

முதல் வாயில் நம் சங்கமே. சமுதாயத்தின்பால் அக்கறை என்பதை உலகக் கூட்டுறவு இயக்கம் 1995இல் தன் ஏழாவது கொள்கையாக ஏற்றது. நிகர லாபத்திலிருந்து பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையை எவ்வளவு, எவ்வாறு செலவிடலாம் என்பதைச் சட்டத்திலும் துணைவிதிகளிலும் பார்த்து, மகாசபையில் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். தொகை சிறிதாயினும் அதன் மதிப்புப் பெரிது. ஊரார் தாமே ஆறு மாதம் நடத்திக் காட்டிய வகுப்புக்குப் பிறர் பணம் வருவது எளிது. காகிதத்தில் மட்டும் உள்ள வகுப்புக்கு வருவது அரிது.

இரண்டாம் வாயில் கலைத்துறைத் திட்டங்கள். மத்திய கலாசார அமைச்சகத்தின் கலை நிகழ்ச்சி மற்றும் தயாரிப்பு மானியம், பதிவு பெற்ற அமைப்புகளுக்குப் பொதுவாக 5 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. அவ்வமைச்சகமே 18 முதல் 25 வயது வரை உள்ள இளங்கலைஞருக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டாண்டு உதவித்தொகை அளிக்கிறது. 10 முதல் 14 வயதுச் சிறுவருக்குரிய கலைத்திறன் உதவித்தொகையில் மாற்றுத்திறன் உடையோருக்கெனச் சில இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. இவை கலைக்காகத் தரப்படும் பணம். ஆதலால் விண்ணப்பத்தில் கலையே முன்னிற்க வேண்டும். இரக்கத்தை வேண்டும் சொற்கள் அங்கே பயன்படா.

மூன்றாம் வாயில் மாற்றுத்திறனாளர் நலத் திட்டங்கள். மத்திய அரசின் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டம் தன்னார்வ நிறுவனங்களுக்கு மானியம் தருகிறது. அதன் நோக்கம் சிறப்புப் பள்ளி, பயிற்சி, மறுவாழ்வு முதலியன. கலை மட்டும் அதில் செல்லாது. ஏற்கெனவே அம்மானியம் பெறும் நிறுவனம் அருகில் இருந்தால், அதன் பயிற்சியோடு நம் வகுப்பை இணைப்பது தக்கது. தேசிய மாற்றுத்திறனாளிகள் நிதி மேம்பாட்டுக் கழகத்தின் உதவி நம் மாநிலத்தில் கூட்டுறவு வங்கிகள் வாயிலாகக் கிடைக்கிறது. ஆனால் அது கடன். தொழில் தொடங்குவோர்க்கு உரியது. கடனை மானியம் என்று எண்ணி வாங்கிவிடலாகாது.

நான்காம் வாயில் கம்பெனிகள். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்பனை 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சிறப்புக் கல்வி, மாற்றுத்திறனாளரின் தொழிற்பயிற்சி, பாரம்பரியக் கலை, கைத்தொழில் ஆகியவை அப்பணிகளின் பட்டியலில் உள்ளன. தான் இயங்கும் வட்டாரத்துக்கே கம்பெனி முதன்மை தர வேண்டும் என்றும் சட்டம் கூறுகிறது. ஆகவே நம் ஊருக்கு அருகிலுள்ள நூல் ஆலை, சர்க்கரை ஆலை ஆகியவற்றுள் இவ்வரம்புக்குள் வருவன எவை என்று முதலில் விசாரித்து அறிக. பணம் பெறும் நிறுவனம் கம்பெனி விவகார அமைச்சகத்தில் இதற்கென உள்ள பதிவைச் செய்திருத்தல் அவசியம்.

வெளிநாட்டு உதவிபற்றி ஓர் எச்சரிக்கை: அதற்கெனத் தனிச் சட்டமும் பதிவும் உண்டு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், பெற்ற தொகையை வேறு அமைப்புக்கு மாற்றித் தருதலும் தடை செய்யப்பட்டுள்ளது. பதிவில்லாமல் ஒரு ரூபாயும் வாங்கலாகாது.

செலவுத் திட்டம் எழுதும் முறை

விண்ணப்பத்தின் உயிர் செலவுத் திட்டத்தில் இருக்கிறது. பதினாறு இளைஞர், வாரம் இரண்டு நாள், ஆண்டில் 80 நாள் வகுப்பு என்று கொள்வோம். ஆசிரியர் ஊதியம் நாளொன்றுக்கு 800 வீதம் 64,000 ரூபாய். வீட்டிலிருந்து அழைத்து வந்து திரும்பக் கொண்டுவிட வண்டிக்கு நாளொன்றுக்கு 700 வீதம் 56,000. சைகைமொழி பெயர்ப்பாளர் 40 நாளுக்கு 1,200 வீதம் 48,000. உதவியாளர் 80 நாளுக்கு 500 வீதம் 40,000. பறை, வண்ணம், துணி முதலியன 30,000. ஆண்டு நிறைவு நிகழ்ச்சி 22,000. மொத்தம் 2,60,000 ரூபாய். இவ்விகிதங்கள் உதாரணத்துக்கு நாம் கொண்டவையே. உள்ளூர் நிலவரப்படி மாற்றிக்கொள்க.

இதில் வண்டி, மொழிபெயர்ப்பாளர், உதவியாளர் ஆகிய மூன்றுக்கும் 1,44,000 ரூபாய், அதாவது பாதிக்கு மேல், ஆகிறது. தொகையைக் குறைக்கச் சொன்னால் முதலில் கை வைக்கத் தோன்றுவதும் இவற்றிலேதான். அவ்வாறு குறைத்தால் வகுப்பு நடக்கும். எவருக்காகத் தொடங்கினோமோ அவர் வரமாட்டார். எனவே நாட்களைக் குறைத்தாலும் குறைக்கலாம், இம்மூன்றையும் நீக்கலாகாது. இதனை விண்ணப்பத்திலேயே காரணத்தோடு எழுதிவிடுவது நலம்.

இடம், சங்க ஊழியரின் நேரம் ஆகிய நம் பங்கையும் ரூபாயில் மதிப்பிட்டுக் காட்டுக. எந்தக் கலையைக் கற்பது என்பதை அவ்விளைஞரிடமே கேட்டு, அவர்கள் கூறியதைப் பதிவு செய்க. செவி கேளாதவர் பறையின் அதிர்வை உடலால் உணர்ந்து தாளம் பிடிக்கலாம். சக்கர நாற்காலியில் இருப்பவர் கோலாட்ட வரிசையில் நிற்பவரோடு கோல் தட்டலாம். பெரியோர் தீர்மானித்துத் திணித்த கலை நெடுநாள் நிலைக்காது.

பணம் வந்தபின்

தனி வங்கிக் கணக்கு, வருகைப் பதிவேடு, ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, பட்டயக் கணக்கர் கையொப்பமிட்ட பயன்பாட்டுச் சான்றிதழ் ஆகியவை இல்லாவிடின் அடுத்த தவணை வாராது. பாவு நூலின் ஒவ்வோர் இழையையும் எண்ணிக் கணக்கு வைக்கும் நெசவாளருக்கும், கரும்பின் எடைச்சீட்டைப் பத்திரப்படுத்தும் உழவருக்கும் இது புதிய வித்தை அன்று.

மானியம் ஓராண்டு வரும். மறு ஆண்டு வாராமலும் போகும். ஒரே வாயிலை நம்பியிராமல், முதல் ஆண்டிலேயே அடுத்த விண்ணப்பத்தைத் தொடங்கிவிட வேண்டும். வகுப்பு பாதியில் நின்றால், வெளியே வந்த இளைஞர் மீண்டும் திண்ணைக்கே திரும்ப நேரிடும். இரண்டாம் முறை அவர்களை அழைப்பது முதல் முறையினும் கடினம்.

அடுத்த மகாசபை அறிக்கையில் இப்பொருளை ஓர் அயிட்டமாகச் சேர்க்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்குமுன், தத்தம் தெருவில் இத்தகைய இளைஞர் எத்தனை பேர், அவர்கள் விரும்புவது யாது என்ற பட்டியலை அங்கத்தினர்கள் தயாரித்து வருவார்களாயின், பாதி வேலை முடிந்ததாகும்.